எம்எஸ் 1900: இஸ்லாமிய நெறிகளைத் தர மேலாண்மைக்குள் கொண்டுவந்தால் தொழிற்சாலையில் உண்மையில் என்ன மாறும்?

ஷா ஆலம் சரவணன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏர்கண்டிஷனர், வாஷிங்மெஷின் மாதிரி சாமான்களுக்குப் போகும் பிளாஸ்டிக் பாகங்களை வார்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை எங்களுடையது. தர மேலாண்மைக்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்ஓ 9001 பல வருடமாக இருக்கிறது. தரப்பிரிவு என் பொறுப்பு.

போன நிர்வாகக் கூட்டத்தில் முதலாளி திடீரென்று, "எம்எஸ் 1900 எடுத்தால் என்ன?" என்று கேட்டுவிட்டார். இஸ்லாமிய நெறிகளைச் சேர்த்த மலேசியத் தரம் அது. யாரோ வாடிக்கையாளர் காதில் போட்டிருக்கிறார். நான் முஸ்லிம் இல்லை. என் பிரிவிலும் பாதிப்பேர் இல்லை. அதனால் எதிர்ப்பும் இல்லை, ஆர்வமும் இல்லை, குழப்பம்தான் இருக்கிறது. சாப்பாட்டுக் கம்பெனி என்றால் ஹலால் புரிகிறது. வாஷிங்மெஷின் மூடியில் ஹலால் ஹராம் எங்கே வரும்? சுவரில் ஆயத்து (குர்ஆன் வசனம்) மாட்டி, கூட்டத்தைத் துஆவோடு (பிரார்த்தனையோடு) ஆரம்பித்து, வரவேற்பறையில் இன்னொரு சான்றிதழைத் தொங்கவிடுவதுதானா? இல்லை, தொழிற்சாலைத் தளத்தில் ஏதாவது மாறுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பினாங்கு ரஹீம் எழுதியது:

தம்பி, முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

1985 வாக்கிலேயே மலேசிய அரசு நிர்வாகத்தில் இஸ்லாமிய மதிப்பீடுகளைப் புகுத்தும் கொள்கை தொடங்கிவிட்டது. 1996இல் அரசுத் துறைகளுக்கு ஐஎஸ்ஓ 9000 கொண்டுவரச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. இந்த இரண்டு ஓடைகளும் ஒன்றாகக் கலந்த இடம்தான் எம்எஸ் 1900. முதல் பதிப்பு 2005. அப்துல்லா படாவி பிரதமராக இருந்து 'இஸ்லாம் ஹதாரி', அதாவது நாகரிக இஸ்லாம் என்ற கொள்கை, பேசிக்கொண்டிருந்த காலம். ஐஎஸ்ஓ 9001:2000 பிரிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, தேவைப்பட்ட இடத்தில் இஸ்லாமிய நோக்கிலான கூடுதல் தேவைகளைச் சேர்த்தார்கள். 2014இல் திருத்திய பதிப்பு வந்தபோது பெயரே 'ஷரியா அடிப்படையிலான தர மேலாண்மை முறை' என்று மாறியது.

இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். இது ஹலால் சான்றிதழ் இல்லை. ஹலால் சான்றிதழை அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் தருகிறது, உணவுக்கான தரம் எம்எஸ் 1500. அது பொருளையும் அது தயாராகும் விதத்தையும் பார்க்கும். எம்எஸ் 1900 நிறுவனம் நடக்கும் முறையைப் பார்க்கும். அதனால் மருத்துவமனை, பல்கலைக்கழகம், அரசு அலுவலகம், உங்களைப் போன்ற தொழிற்சாலை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டாவது, இது கட்டாயமும் இல்லை. மலேசியத் தரங்கள் விருப்பத்தின்பேரில்தான், ஏதாவது ஒரு சட்டம் அதைக் கட்டாயமாக்கினால் ஒழிய.

நடைமுறையில் என்ன கேட்பார்கள் என்றால், உங்கள் வேலையில் ஹராம் நுழையக்கூடிய இடங்கள் எவை, அவற்றை எப்படித் தடுக்கிறீர்கள், ஷரியா தெரிந்த ஆள் யார், மதிப்பீடுகள் வேலையில் எங்கே தெரிகின்றன என்றுதான். உங்கள் வாஷிங்மெஷின் மூடியில் ஒன்றும் இருக்காது. அந்த மூடிக்கு வாங்கும் கடனில் இருக்கும்.

ஓசூர் கணேஷ் எழுதியது:

ரஹீம் பாய், மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து.

எது நல்லது, எது கெட்டது என்று ஐஎஸ்ஓ 9001 வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டதையும் சட்டம் கேட்டதையும் ஒழுங்காகக் கொடு, ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி கொடு. அவ்வளவுதான். பீர் ஆலையும் வாங்கலாம், கேசினோவும் வாங்கலாம். பலருக்கு இது குறையாகத் தெரியும். என்னைக் கேட்டால் அதன் பலமே அதுதான். உலகத்தில் எந்த மூலையில் இருந்தும் ஒரு தணிக்கையாளர் வந்து, நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஆதாரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்.

நான் தணிக்கைக்குப் போகும் ஆள். இஹ்சான் (செய்வதைச் செம்மையாகச் செய்வது), அமானத் (நம்பி ஒப்படைத்ததைக் காப்பது) என்று ஒரு பட்டியலைக் கொடுத்தால் அதற்கு நான் என்ன ஆதாரம் கேட்பேன்? மனத்தூய்மைக்குப் பதிவேடு உண்டா? அளக்க முடியாததைத் தரத்துக்குள் போட்டால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். தணிக்கையாளர் கண்டுகொள்ளாமல் போவார், இல்லாவிட்டால் தொழுகைக்கு யார் வந்தார் யார் வரவில்லை என்று எண்ண ஆரம்பிப்பார். இரண்டாவது ரொம்ப ஆபத்து.

காயல் யூசுஃப் எழுதியது:

கணேஷ், நீங்கள் நினைப்பதைவிட நான் உங்கள் பக்கம்தான். மதரஸாவில் ஓதியவன், அப்புறம் வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்தத் துறையில் எழுதப்படும் பல கட்டுரைகளில் ஒரு அட்டவணை இருக்கும். இடப்பக்கம் ஐஎஸ்ஓ பிரிவு எண், வலப்பக்கம் ஒரு ஆயத்து. மேலாண்மை மீளாய்வுக்கு நேராக குர்ஆன் 42:38, அதாவது கலந்தாலோசனை. ஆள் எடுப்பதற்கு நேராக 28:26, வேலைக்கு வைக்கச் சிறந்தவன் வலிமையும் நம்பகமும் உள்ளவன். பொறுப்புக்கு 4:58, அமானிதத்தை உரியவரிடம் ஒப்படை. படித்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்த வலப்பக்கத்தை முழுவதும் அழித்துவிட்டாலும் அந்த நிறுவனத்தில் ஒரு வேலையும் மாறாது. ஐஎஸ்ஓ ஏற்கெனவே கேட்டதற்கு நாம் மேலே ஸலாம் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான்.

விதிவிலக்காக 2:282 உண்டு. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அது முழுக்கக் கடனை எழுதி வைப்பது பற்றி. யார் எழுதுவது, யார் சொல்லச் சொல்ல எழுதுவது, சொல்ல இயலாதவருக்கு யார் பேசுவது, சாட்சி எத்தனை பேர், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்காதே, கைக்குக் கை மாறும் வியாபாரம் என்றால் எழுதாவிட்டாலும் குற்றமில்லை, எழுதியவருக்கும் சாட்சிக்கும் தொல்லை வரக்கூடாது. ஆவணக் கட்டுப்பாடு எழுதியவர்கள் இதைப் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். எதற்குப் பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதுவரை அதில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வரும் தானியக் குவியல் சம்பவம். நபி ஸல் அவர்கள் சந்தையில் ஒரு குவியலுக்குள் கையை விட்டார்கள், விரலில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. "அப்படியென்றால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா? ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர்" என்ற கருத்தில் சொன்னார்கள்.

கவனித்துப் பாருங்கள். ஈரத் தானியத்தைக் கொட்டிவிடச் சொல்லவில்லை. விற்காதே என்றும் சொல்லவில்லை. மேலே வை, வாங்குபவருக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னார்கள். சரவணன், உங்கள் தொழிற்சாலையில் இதற்கு நேரான இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

ஷா ஆலம் சரவணன் எழுதியது:

இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை, எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது.

வார்ப்பில் ஓரத்தில் பிசிறு நிற்கும், வண்ணம் ஒரு சாயல் தள்ளிப் போகும். முழு ரிஜெக்டும் இல்லை, நல்லதும் இல்லை. இந்த எல்லைக்கோட்டுப் பாகங்களைத் தனியாக வைத்தால் வாடிக்கையாளரிடம் சலுகை அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் கேள்வி வரும், டெலிவரி தள்ளிப் போகும். அதனால் சில இடங்களில் அவற்றை நல்ல பாகங்களோடு கலந்துவிடுவார்கள். அதுவும் பலகையின் அடி வரிசைப் பெட்டிகளில். வாடிக்கையாளர் லாட்டிலிருந்து மாதிரி எடுத்துப் பார்ப்பார், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள்தான் குறை கிடைக்கும், லாட் பாஸ். கணக்குப்படி தவறே இல்லை. மாதிரி ஆய்வின் விதியை வைத்தே மாதிரி ஆய்வை ஏமாற்றுவது.

ஐஎஸ்ஓ 9001:2015 பிரிவு 8.7இன்படி இதைப் பிடிக்க முடியும், தப்பான பாகத்தை அடையாளம் காட்டிப் பிரித்து வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் எல்லைக்கோட்டுப் பாகத்தை 'ஏற்கலாம்' என்று உள்ளேயே ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது தப்பான பாகமே இல்லை, பிரிவு 8.7 பக்கத்திலேயே வராது. யூசுஃப் பாய் சொன்ன சம்பவம் அந்தக் கையெழுத்தைத்தான் கேள்வி கேட்கிறது.

தெலுக் இந்தான் முரு எழுதியது:

அடி வரிசைப் பெட்டி என்றதும் நம்ம ஊர் பசார் மாலாம் (இரவுச் சந்தை) ரம்புத்தான் ஞாபகம் வந்துவிட்டது. மேலே சிவப்பு, கீழே எறும்பு. எந்த மதத்துக்காரர் விற்றாலும் இதே நிலைமைதான் ஐயா.

ஜொகூர் கவிதா எழுதியது:

நான் மருத்துவமனைத் தரப்பிரிவில் இருக்கிறேன், அதற்கு முன் வார்டில் செவிலியர். தமிழ்ப் பெண், இந்து. எம்எஸ் 1900 மலேசியாவில் கொஞ்சம் வேர் பிடித்த இடம் என்றால் மருத்துவமனைகள்தான், கேபிஜே குழுமத்தில் சில மருத்துவமனைகள் எடுத்திருக்கின்றன. கணேஷ் அண்ணா கேட்ட "எப்படி அளப்பது" என்ற கேள்விக்கு மருத்துவமனையில் நிறைய பதில் கிடைக்கும்.

எளிதான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அறைக் கூரையில் கிப்லா (தொழும் திசை) அம்புக்குறி. எழுந்திருக்க முடியாத நோயாளிக்கு ஒளூ (தொழுகைக்கு முன் கழுவுவது) செய்யத் தெளிப்பான் பாட்டில், தண்ணீர் படக்கூடாதவருக்கு அதற்குப் பதிலாக மண்ணால் தயம்மும் செய்யச் சுத்தமான மண் பொதி. பெண் நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் போடவும் இசிஜி எடுக்கவும் முடிந்தவரை பெண் ஊழியர். போர்வை விலக்கும் முன் திரை இழுத்தாயா. இதெல்லாம் சரிபார்ப்புப் பட்டியலில் ஏறிவிடும், ஆதாரமும் இருக்கும். ஒரு விஷயம், திரையும் பெண் ஊழியரும் வேண்டும் என்று கேட்பதில் இந்துப் பாட்டிகளும் சீன ஆச்சிகளும் ஒரு படி முன்னால் நிற்பார்கள். நான் முஸ்லிம் இல்லையென்றாலும் நோயாளிக்குத் தயம்மும் பொதி எடுத்துக் கொடுப்பது எனக்கு ஒரு சங்கடமும் தரவில்லை. வலி மாத்திரை நேரத்தைக் கேட்பது மாதிரி தொழுகைக்கு உதவி வேண்டுமா என்றும் கேட்போம். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கடினமான பகுதி மருந்து. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. எனாக்ஸாபரின் மாதிரியானவையும் அதிலிருந்து வந்தவைதான். 2009இல் இங்கே தேசிய ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழு, மாற்று மருந்து இருப்பதால் இந்த வகையில் இரண்டு மருந்துகளை ஹராம் என்று முடிவு செய்தது. அந்த மாற்று ஃபோண்டாபரினக்ஸ், ஆலையில் செயற்கையாகச் செய்வது. பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். தீரவில்லை. ஃபோண்டாபரினக்ஸ் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் மோசமாகப் பழுதானவருக்குக் கொடுக்கக்கூடாது. உடம்பில் நீண்ட நேரம் தங்கும். இரத்தக்கசிவு ஆரம்பித்தால் ஹெபரினை முறிக்க புரோட்டமின் இருக்கிறது, இதற்கு அப்படிக் குறிப்பான முறிமருந்து இல்லை. அறுவை சிகிச்சை நெருங்கும் நோயாளிக்கு எதைக் கொடுப்பது?

இங்கே "ஹராம், கொடுக்காதே" என்று மட்டும் எழுதி வைத்தால் ஆள் போய்விடுவார். அந்த ஃபத்வாவுக்குள்ளேயே 'மாற்று இருந்தால்' என்ற நிபந்தனை இருக்கிறது. நிர்ப்பந்தம் வந்தால் தடை தளரும், உயிரைக் காப்பது ஷரியாவின் ஐந்து நோக்கங்களில் ஒன்று. தரப்பிரிவு செய்ய வேண்டியது என்னவென்றால், நோயாளியின் சிறுநீரகச் செயல்பாட்டு அளவு என்ன, மாற்று ஏன் ஒத்துவராது என்று மருத்துவர் எழுத ஒரு இடம், மருந்து எதிலிருந்து வந்தது என்று நோயாளிக்குச் சொன்னதற்கு ஒரு கையெழுத்து. இதற்கு முன்னால் பல இடங்களில் பன்றி என்ற வார்த்தையையே நோயாளியிடம் எடுக்க மாட்டார்கள். தெரிந்தால்தானே பிரச்சினை என்று.

யூசுஃப் நானா சொன்ன தானியக் குவியல் எனக்கு இதில்தான் தெரிகிறது.

ஓசூர் கணேஷ் எழுதியது:

கவிதா, இது நல்ல உதாரணம். ஆனால் கேள்வி நிற்கிறது. சர்ச்சை வந்தால் கடைசி வார்த்தை மருத்துவருடையதா, ஷரியா அதிகாரியுடையதா? ஒரு தர முறையில் முடிவெடுக்கும் அதிகாரம் இரண்டு பேரிடம் இருந்தால் இரவு 2 மணிக்கு யாரும் முடிவெடுக்க மாட்டார்கள்.

ஜொகூர் கவிதா எழுதியது:

மருத்துவர்தான் அண்ணா. அதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஷரியா குழு பகலில் உட்கார்ந்து விதியைப் போடும், எந்தெந்த நிலையில் தடை தளரும் என்று பட்டியலிடும். இரவு 2 மணிக்கு அந்தப் பட்டியல் போதும், ஆலிமை (மார்க்க அறிஞரை) எழுப்பத் தேவையில்லை. எழுப்ப வேண்டி வந்தால் அந்தப் பட்டியல் அரைகுறை என்று அர்த்தம்.

ஷமீமா கேஎல் எழுதியது:

நான் கணக்குப் பிரிவு. ரஹீம் பாய் "மூடிக்கு வாங்கும் கடனில்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார், அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

வட்டி என்றதும் எல்லோரும் வங்கிக் கடனை மட்டும் நினைப்பார்கள். அதற்கு இங்கே இஸ்லாமிய வங்கி இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். இயந்திரத்தை எடுத்த வாடகைக் கொள்முதல் ஒப்பந்தம், நிரந்தர வைப்பு, காப்புறுதி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எவ்வளவு இருந்தால் கூடாது என்ற கேள்விக்கு நாமாக எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு மலேசியப் பங்குகள் ஆணையம் 2013 திருத்தத்திலிருந்து அளவுகோல் வைத்திருக்கிறது. மது, சூது, பன்றி, வழக்கமான வங்கித்தொழில் போன்றவற்றிலிருந்து வரும் வருமானம் 5 விழுக்காட்டுக்குள், வேறு சிலவற்றுக்கு 20 விழுக்காடு. வட்டிக் கடனும் வழக்கமான வங்கியில் வைத்த பணமும் தனித்தனியே மொத்தச் சொத்தில் 33 விழுக்காட்டுக்குள். உங்கள் கம்பெனி பட்டியலில் இல்லாவிட்டாலும் இந்த அளவைத் தொடக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று, இன்வாய்ஸின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரி. தாமதமாகப் பணம் கட்டினால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி என்று போட்டிருப்பார்கள். அது ரிபா, ஷரியா தடுத்த வட்டி. எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வரும் தொகையைத் தர்மத்துக்குக் கொடுப்பதாக மாற்ற வேண்டும். சரி, அப்படியானால் வாங்குபவர் தாமதிக்கலாமா? வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்று புகாரி தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நாம் சப்ளையருக்கு 60 நாள் என்று எழுதிவிட்டு 110 நாளில் கொடுப்பதும் ஷரியா விஷயம்தான். நிதி நெருக்கடி இருந்தால் வேறு. கையில் பணத்தை வைத்துக்கொண்டு தள்ளுகிறோமே, அதைச் சொல்கிறேன்.

ஐஎஸ்ஓ 9001 தணிக்கையில் சப்ளையர் மதிப்பீடு பார்ப்பார்கள். சப்ளையர் நேரத்துக்குக் கொடுத்தாரா என்று மதிப்பெண் போடுவோம். நாம் அவருக்கு நேரத்துக்குப் பணம் கொடுத்தோமா என்று எந்தத் தணிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. எம்எஸ் 1900இல் நியாயமாகக் கேட்கலாம். கேட்டால் பல கம்பெனி மாட்டும்.

கணேஷ் சார், இதைவிட எளிதாக அளக்க எதுவும் இருக்கிறதா? இன்வாய்ஸ் தேதி, பணம் போன தேதி. கழித்தால் நாள் கணக்கு கைக்கு வந்துவிடும்.

ஓசூர் கணேஷ் எழுதியது:

இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் சிறு தொழில்காரர்கள் இதைப் படித்தால் நாளைக்கே கலிமா சொல்லி முஸ்லிம் ஆகிவிடுவார்கள்.

தெலுக் இந்தான் முரு எழுதியது:

கணேஷ் சார் விழுந்துட்டார் டோய்.

பினாங்கு ரஹீம் எழுதியது:

ஷமீமா பணத்தைச் சொன்னார், நான் ஆட்களைச் சொல்கிறேன். இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத பக்கம் அது.

தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடு என்ற ஹதீஸ் (இப்னு மாஜா) இந்தத் துறையில் எல்லாப் பட்டறைகளிலும் பேசுவார்கள். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் 1955, சம்பளக் காலம் முடிந்து 7ஆம் நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. நிரந்தர ஊழியருக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஏஜெண்டு மூலம் வந்த பங்களாதேஷ், நேபாளப் பையனுக்கு? அவன் ஊரில் வட்டிக்கு வாங்கித் தரகருக்குக் கொடுத்துவிட்டு வந்திருப்பான். இங்கே முதல் வருடச் சம்பளம் அந்தக் கடனுக்கே போகும். அவன் பாஸ்போர்ட் 'பத்திரமாக' அலுவலக அலமாரியில் இருக்கும். கேட்டால், "அமானிதமாக வைத்திருக்கிறோம்" என்பார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அமானிதம் என்றால் உரியவர் கேட்டதும் திருப்பிக் கொடுப்பது. அலமாரிச் சாவி மேனேஜர் இடுப்பில் இருந்தால் அது வேறு.

2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை இங்குள்ள கையுறைத் தயாரிப்பாளர் ஒருவரின் துணை நிறுவனங்களின் சரக்கைக் கட்டாய உழைப்புச் சந்தேகத்தில் நிறுத்தி வைத்தது ஞாபகமிருக்கும். அப்புறம்தான் தரகுக் கட்டணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே சூடு பிடித்தது. அந்தக் கையுறைகள் நுண்துளைச் சோதனையில் தேறியவை. தர மேலாண்மையின் பார்வையில் நல்ல பொருள். ஷரியாவின் பார்வையில் அந்தக் கையுறை எப்படி? இந்தக் கேள்வியை வாஷிங்டனில் இருக்கும் அதிகாரி கேட்கும் முன் நம்முடைய தரம் கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

தணிக்கைக்குப் போன அனுபவத்தில் சொல்கிறேன். தொழுகை அறையைக் காட்டுவார்கள், பெரிதாக, குளிரூட்டியோடு இருக்கும். விடுதியைக் காட்டச் சொன்னால் முகம் மாறும். அன்றைக்குச் சாவி கிடைக்காது.

காயல் யூசுஃப் எழுதியது:

ரஹீம் காக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கணேஷ் முதலில் பயந்தாரே, தொழுகைக்கு வந்தவரை எண்ணுவது என்று. அந்தப் பயத்துக்கு நம்முடைய மரபிலேயே பதில் இருக்கிறது.

இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்று ஒரு பதவி. சந்தைக் கண்காணிப்பாளர். எடை, அளவு, ரொட்டியில் கலப்படம், மருந்துக் கடை, கழிவுநீர், சுமைதூக்கும் விலங்கின் முதுகில் எவ்வளவு பாரம், எல்லாம் அவர் பொறுப்பு. 11ஆம் நூற்றாண்டில் அல்மாவர்தி இந்தப் பதவியின் எல்லையை எழுதும்போது, வெளிப்படையாகத் தெரியும் குற்றத்தில்தான் முஹ்தஸிப் தலையிடலாம், மறைவானதைத் துருவி ஒட்டுக்கேட்கக் கூடாது என்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்ஷைஸரி இன்னொன்று சொல்கிறார்: எல்லாத் தொழிலின் நுணுக்கமும் ஒரு முஹ்தஸிபுக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு தொழிலிலும் அந்த வேலையையும் அதில் நடக்கும் மோசடியையும் நன்றாக அறிந்த, நம்பகமான ஒருவரை அந்தத் தொழில்காரர்களுக்குள்ளிருந்தே நியமித்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய பாஷையில் சொன்னால் புறநிலை ஆதாரம், தணிக்கைக் குழுவில் தொழில்நுட்ப வல்லுநர். ஐஎஸ்ஓ மேசையிலிருந்து அட்டவணை போட்டு ஆயத்து தேடுவதைவிட, முஹ்தஸிபின் வேலையைச் சொல்லும் இந்த ஹிஸ்பா நூல்களிலிருந்து ஆரம்பித்திருந்தால் எம்எஸ் 1900 வேறு மாதிரி வந்திருக்கும். எடைக்கல் சரியா, மாவில் என்ன கலக்கிறான் என்று மோசடியிலிருந்து தொடங்கும் மரபு அது. சரவணனின் அடி வரிசைப் பெட்டியை அஷ்ஷைஸரி காலத்து ஆள் முதல் நாளே திறந்து பார்த்திருப்பார்.

ஒருவர் தொழுதாரா, தலையை மூடினாரா என்பது தர முறையின் வேலையே இல்லை. கலக்கிறாயா, மறைக்கிறாயா, கூலியைப் பிடிக்கிறாயா? அங்கே மட்டும் நில்லுங்கள். நிற்காவிட்டால் கணேஷ் சொன்னதுதான் நடக்கும்.

ஷமீமா கேஎல் எழுதியது:

தொழுகை விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை யூசுஃப் நானா. வந்தாரா என்று எண்ணக்கூடாது, சரி. ஆனால் ஷிஃப்ட் அட்டவணை போடும்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நேரம் விட்டிருக்கிறதா, இயந்திரத்தை யார் பார்ப்பது என்று திட்டம் இருக்கிறதா என்பது தர முறைக்குள் வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு மணி நேரம் வரிசையில் ஆள் குறைந்து, அந்த நேரத்து ரிஜெக்ட் ஏறும். இது இபாதத் (வணக்கம்) மட்டும் இல்லை, உற்பத்தித் திட்டமும்தான்.

காயல் யூசுஃப் எழுதியது:

அது நியாயம்தான். நேரம் கொடுத்ததா என்று நிறுவனத்தைக் கேளுங்கள், போனாயா என்று ஊழியரைக் கேட்காதீர்கள்.

ஓசூர் கணேஷ் எழுதியது:

சரவணன், ஒரு நடைமுறைச் சிக்கல் உங்கள் காதில் போட்டுவிடுகிறேன். ரஹீம் பாய் சொன்ன 2014 பதிப்பு ஐஎஸ்ஓ 9001:2008இன் மேல் கட்டியது. அடுத்த வருடமே 2015 பதிப்பு வந்து அமைப்பையே மாற்றிவிட்டது. பழைய 8 பிரிவு 10 ஆனது, தடுப்பு நடவடிக்கை என்று தனியாக இருந்தது போய் இடர் அடிப்படைச் சிந்தனை வந்தது, மேலாண்மைப் பிரதிநிதி என்ற பதவியைக் கட்டாயம் கேட்பது நின்றுபோனது. நீங்கள் 2015இல் இருப்பீர்கள். இரண்டையும் ஒரே கையேட்டில் ஓட்டுவது, இரண்டு அளவு டயர் போட்ட லாரி மாதிரி. ஓடும், ஆனால் ஒரு பக்கம் இழுக்கும். எடுப்பதற்கு முன் சான்றளிப்பவரிடம் எந்தப் பதிப்பில், எந்த எல்லைக்குள் தருகிறார்கள், அவர்களுக்கு அங்கீகாரம் யார் கொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். ஆலோசனையும் நாங்களே, சான்றிதழும் நாங்களே என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

என் நிலைப்பாடு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மதிப்பீடுகளின் பட்டியலாக வந்தால் இன்னும் எதிர்ப்புதான். ஷமீமா சொன்ன மாதிரி தேதியோடு, கவிதா சொன்ன மாதிரி படிவத்தோடு வந்தால், அது இஸ்லாத்திலிருந்து வந்தால் என்ன, வேறெங்கிருந்து வந்தால் என்ன, நான் தணிக்கை செய்யத் தயார். 2015 பதிப்பில் 4.2 பிரிவு, சம்பந்தப்பட்ட தரப்பினரின் தேவைகளைக் கண்டறியச் சொல்கிறது. சப்ளையரும் தொழிலாளியும் தரப்பினர்தான். பாதி விஷயத்தைச் சான்றிதழே இல்லாமல் அதற்குள் போட்டுவிடலாம்.

பினாங்கு ரஹீம் எழுதியது:

போடலாம். ஆனால் போடுவார்களா என்பதுதான் கேள்வி கணேஷ். 4.2 பிரிவில் யார் தரப்பினர் என்று நிறுவனமே முடிவு செய்துகொள்ளும். விடுதியில் இருக்கும் பையன் அந்தப் பட்டியலில் வந்து நான் பார்த்ததில்லை. ஷரியா என்று சொல்லிவிட்டால் அவனை விட்டுவிட நிறுவனத்துக்கு உரிமை இல்லை. வித்தியாசம் இதுதான்.

ஷா ஆலம் சரவணன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்டதைவிட நிறைய கிடைத்தது.

முதலாளியிடம் சான்றிதழ் பற்றி இப்போது பேசப்போவதில்லை. அடுத்த உள்தணிக்கையில் மூன்று இடத்தைப் பார்க்க அனுமதி கேட்கப்போகிறேன். எல்லைக்கோட்டுப் பாகங்களுக்கு உள்ளேயே கையெழுத்துப் போடும் படிவம், அதில் இனி வாடிக்கையாளருக்குத் தெரிவித்த தேதி என்று ஒரு கட்டம். சப்ளையர் பணம் எத்தனை நாளில் போகிறது என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பட்டியல். விடுதி, பாஸ்போர்ட், தரகருக்குக் கொடுத்த தொகை. இந்த மூன்றுக்கும் சரி என்றால் சான்றிதழுக்குப் போகலாம். இல்லையென்றால் எம்எஸ் 1900 எதற்கு என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

ஒரு சந்தேகம் பாக்கி. தரகர் தொகைக்கு எங்களிடம் ரசீதே கிடையாது, அது அவர்கள் ஊரில் கைமாறியது. இதற்கு என்ன ஆதாரம் கேட்பது?

பினாங்கு ரஹீம் எழுதியது:

ரசீது கிடைக்காது தம்பி. மேற்பார்வையாளர் இல்லாமல், அவர்கள் பாஷை தெரிந்த ஆளை வைத்து, தொழிற்சாலைக்கு வெளியே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். அதே ஊர், அதே ஏஜெண்டு என்றால் தொகை ஏறக்குறைய ஒத்து வரும். பத்துப் பேர் தனித்தனியாக ஒரே தொகையைச் சொன்னால் அதைப் பதிவு செய்யுங்கள், பெயர் எழுதாமல். அப்புறம் ஏஜெண்டு ஒப்பந்தத்தை எடுத்து, கட்டணம் யார் கொடுப்பது என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த வரியே இருக்காது. 2:282ஐ அங்கே காட்டுங்கள்.